கேசி-135ஆர், எச்எச்-60டபிள்யூ: அமெரிக்க ராணுவ விமானப் பெயர்களைப் படிப்பது எப்படி?

கேள்வி: பாதுகாப்புச் செய்திகளைத் தமிழில் எழுதுகிறேன். ஆர்சி-135, கேசி-135ஆர் இரண்டிலும் 'ஆர்' இருக்கிறது. இரண்டும் உளவு விமானங்கள்தானா? இந்த எழுத்துகளுக்கு விதி ஏதும் உண்டா?

பதில்: முதலாவது உளவு விமானம். இரண்டாவது, பறக்கும்போதே மற்ற விமானங்களுக்கு எரிபொருள் நிரப்பும் டேங்கர். விதி உண்டு, அதைப் படிக்கும் திசையில்தான் பலர் தவறுகிறார்கள்.

முதலில் சிறுகோட்டைக் கண்டுபிடியுங்கள். அதற்கு இடப்பக்கம் இருப்பவை விமானத்தின் வேலையைச் சொல்லும் எழுத்துகள். வலப்பக்கம் வடிவமைப்பு எண்ணும், அதையடுத்துப் பதிப்பு எழுத்தும் வரும். இடப்பக்கத்தைக் கோட்டை ஒட்டிய எழுத்தில் தொடங்கி வெளிநோக்கிப் படிக்க வேண்டும். என்கேசி-135ஏ என்பதை எடுத்துக்கொள்வோம். கோட்டை ஒட்டிய 'சி' அடிப்படை வேலை: சரக்குப் போக்குவரத்து. அடுத்த 'கே' பின்னர் ஏற்ற வேலை: டேங்கர். வெளியே நிற்கும் 'என்' இன்றைய நிலை: சோதனைக்காக நிரந்தரமாக மாற்றப்பட்டது, பழைய பணிக்குத் திரும்பாது. அதே இடத்தில் 'ஜே' இருந்தால் தற்காலிகச் சோதனை, 'ஒய்' இருந்தால் முன்மாதிரி, 'ஜி' இருந்தால் இனிப் பறக்காது என்று தரையில் நிறுத்தப்பட்டது.

ஆக, கோட்டுக்கு முன்னால் வரும் 'ஆர்' உளவு. பின்னால் வரும் 'ஆர்' வெறும் வரிசை எழுத்து. கேசி-135இன் பழைய ஜே57 இன்ஜின்களைக் கழற்றி சிஎஃப்எம்56 பொருத்தியபோது கிடைத்த பதிப்புதான் கேசி-135ஆர். எச்எச்-60டபிள்யூ இன்னும் வழுக்கும். கோட்டுக்கு முன் 'டபிள்யூ' வந்தால் வானிலை ஆய்வு (டபிள்யூசி-130ஜே அப்படித்தான்). இங்கே அது பதிப்பு எழுத்து மட்டுமே. இரண்டு 'எச்'களுக்கும் பொருள் வேறு. வழக்கமான இறக்கை விமானம் அல்லாத வகை என்றால் கோட்டை ஒட்டிய எழுத்து வேலையைச் சொல்லாமல் வகையைச் சொல்லும்: 'எச்' ஹெலிகாப்டர், 'கியூ' ஆளில்லா விமானம், 'வி' செங்குத்தாகவோ குறுகிய ஓட்டத்திலோ எழும்புவது. எனவே உள்ளே இருக்கும் 'எச்' ஹெலிகாப்டர், வெளியே இருப்பது தேடல்-மீட்பு. எம்கியூ-9 என்றால் பல பணி செய்யும் ட்ரோன். பிரிடேட்டர் ட்ரோன் முதலில் உளவுக்கான ஆர்கியூ-1 ஆக இருந்தது. ஹெல்ஃபயர் ஏவுகணை ஏற்றிய பிறகு 2002இல் எம்கியூ-1 ஆனது.

பதிப்பு எழுத்து அகரவரிசையில் நகரும். 1, 0 என்ற எண்களோடு குழம்பும் என்பதால் 'ஐ', 'ஓ' இரண்டையும் விட்டுவிடுவார்கள். அரக்கோணம் ராஜாளி தளத்திலிருந்து பறக்கும் நம் கடற்படையின் பி-8ஐ விமானத்தில் அந்த 'ஐ' வருகிறதே என்றால், அது இந்தியாவைக் குறிக்க ஏற்றுமதிப் பதிப்புக்கு வைத்தது. அமெரிக்க வரிசையில் சேராது.

பின்னால் வரும் எழுத்து எப்போதும் மேம்பட்டது என்று எழுதிவிடாதீர்கள். எஃப்-16சி ஒற்றை இருக்கை, எஃப்-16டி இரட்டை இருக்கை, அவ்வளவே. எஃப்-35இல் ஏ விமானப்படைக்கு, பி செங்குத்தாக இறங்க, சி விமானந்தாங்கிக் கப்பலுக்கு. உண்மையான மேம்பாட்டை எஃப்-16இல் பிளாக் எண்தான் (தயாரிப்புத் தொகுதி எண்) காட்டும். பிளாக் 30 முதல் கடைசி இலக்கம் இன்ஜினையும் சொல்லிவிடும்: 30, 40, 50 என்றால் ஜெனரல் எலக்ட்ரிக், 32, 42, 52 என்றால் பிராட் அண்ட் விட்னி.

இந்த முறை 1962 செப்டம்பரில் முப்படைகளுக்கும் பொதுவாக வந்தது. அதற்கு முன் ஒரே ஃபாண்டம் விமானத்தைக் கடற்படை எஃப்4எச் என்றும், விமானப்படை எஃப்-110 என்றும் அழைத்தன. பிறகு அவை எஃப்-4பி, எஃப்-4சி ஆயின. போர் விமானங்களின் எண் வரிசை அப்போது புதிதாகத் தொடங்கியது. அதற்கு முன்பே பெயர் பெற்ற சி-130, சி-135 பழைய எண்ணிலேயே தொடர்ந்தன. அதனால் எண்ணை வைத்து வயதைக் கணிக்க முடியாது. இரண்டாம் உலகப் போர்ச் செய்தியென்றால் இன்னொரு கவனம்: 1948 வரை போர் விமானங்களுக்கு 'பி' (P) என்ற முன்னெழுத்து இருந்தது, பி-51 மஸ்டாங் அந்த ஆண்டில்தான் எஃப்-51 ஆனது. இன்று அந்த எழுத்து கடல் ரோந்துக்கு உரியது.

விதியை மீறுவதிலும் அமெரிக்கர்கள் சளைத்தவர்கள் அல்ல. எக்ஸ்-35 சோதனை விமானம் தேர்வானதும், வரிசைப்படி 24 ஆகியிருக்க வேண்டியது அப்படியே எஃப்-35 ஆனது. தரை இலக்குகளைத் தாக்கும் எஃப்-117க்குப் போர் விமான எழுத்தான 'எஃப்'. பி-2வுக்கு (இந்த 'பி' ஆங்கில B) அடுத்த குண்டுவீச்சு விமானம் 21ஆம் நூற்றாண்டைக் குறிக்க பி-21 ஆனது. எஃப்/ஏ-18இன் சாய்கோட்டுக்கும் விதியில் இடமில்லை. அதன் மின்னணுப் போர்ப் பதிப்பான இஏ-18ஜி மட்டும் ஒழுங்காக அமைந்திருக்கிறது.

எழுதும்போது கோடு எழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவே மட்டும் வரட்டும்: எஃப்-16சி சரி, எஃப்16-சி தவறு. படத்தில் இருப்பது எந்தப் பதிப்பு என்று சந்தேகமா? அமெரிக்க விமானப்படை விமானங்களில் பெரும்பாலும் இடப்பக்கம் விமானி அறைக்குக் கீழே சிறிய எழுத்தில் முழுப்பெயரும் தொடர் எண்ணும் அச்சிட்டிருக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தொடர் எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் விமானத்துக்கு ஆர்டர் கொடுத்த நிதியாண்டு. தயாரித்த ஆண்டு என்று எழுதிவிட வேண்டாம்.