பக் திருடிய பன்றிக்கறியிலிருந்து தொடங்குங்கள்

ஜாக் லண்டனின் 'த கால் ஆஃப் த வைல்ட்' நாவலை எட்டாம் வகுப்பில் நடத்தும் ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பிள்ளைகள் கதையை ஆர்வமாகக் கேட்கிறார்கள். ஆனால் பிழைத்திருத்தல், மாற்றம் பற்றி எழுதச் சொன்னால் 'வலியவன் வாழ்வான்', 'நாய் ஓநாய்க் கூட்டத்தோடு சேர்ந்தது' என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். அவர்களை மேற்கொண்டு யோசிக்க வைப்பது எப்படி? அடி, கடி, சாவு வரும் இடங்களை விட்டுவிடலாமா?"

பிள்ளைகள் மேல் தப்பில்லை. கருப்பொருளை முதலில் பலகையில் எழுதிப் போட்டால், அதற்குத் தோதான சான்றுகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். காட்சியில் தொடங்குங்கள். இங்கே கதையின் நாயகனான பக் என்ற நாய் எதைக் கற்றுக்கொண்டது, அதற்காக எதை இழந்தது? நாவல் முழுக்க இந்த ஒரு கேள்வியை வைத்தே நடத்திவிடலாம்.

அதற்கு முன் பத்து நிமிடம் பின்னணிக்கு ஒதுக்குங்கள். 1896 ஆகஸ்டில் கனடாவின் க்ளோண்டைக்கில் தங்கம் கிடைத்தது. மறு ஆண்டு ஆட்கள் அலை அலையாகக் கிளம்பினார்கள். லண்டனும் அவர்களில் ஒருவர். பனியில் சுமை இழுக்க வலுவான நாய்கள் தேவைப்பட்டன, அதனால் நாய்களுக்கு விலை ஏறியது. கலிஃபோர்னியாவில் ஒரு நீதிபதி வீட்டில் சொகுசாக இருந்த பக்கைத் தோட்டக்கார உதவியாள் திருடி விற்றது இதனால்தான். இது தெரியாவிட்டால் முதல் அத்தியாயம் வெறும் கெட்டவன் கதையாக நின்றுவிடும்.

அப்புறம் நேராக இரண்டாம் அத்தியாயம். பைக் என்ற நாய் ஒரு துண்டு உப்பிட்ட பன்றிக்கறியைத் திருடுவதைப் பக் பார்க்கிறது. மறுநாள் பக்கே முழுக் கட்டியையும் தூக்கிவிடுகிறது. அடி வாங்குவது டப் என்ற அப்பாவி நாய். நாவலிலேயே வகுப்பறைக்கு மிகவும் ஏற்ற இடம் இதுதான் என்பேன். பக் செய்தது சரியா என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரியும். பிரியட்டும். பக்கின் ஒழுக்கம் இங்கே சிதைகிறது என்று லண்டனே சொல்கிறார். கூடவே, அந்த ஒழுக்கம் அங்கே வெறும் இடைஞ்சல் என்றும் சொல்கிறார். அவர் கருத்தை ஏற்கிறாயா என்பதுதான் உண்மையான கேள்வி. டப்பின் பக்கம் நின்று ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். சும்மா இருக்கும் பிள்ளைகூட எழுதும்.

'வலியவன் வாழ்வான்' என்பதை உடைக்க ஐந்தாம் அத்தியாயம் இருக்கிறது. பக்கைப் பிறகு வாங்கும் ஹால், சார்லஸ், மெர்சிடிஸ் மூவரிடமும் பணம், பொருள், ஆயுதம் எல்லாம் உண்டு. ஒரே பனிச்சறுக்கு வண்டிக்குப் பதினான்கு நாய்களைப் பூட்டுகிறார்கள். அத்தனை நாய்களுக்கும் வேண்டிய தீனியை ஒரு வண்டி சுமக்காது என்ற கணக்கு அவர்களுக்கு எட்டவில்லை. கடைசியில் எச்சரிக்கையையும் கேட்காமல் உருகும் பனிக்கட்டி மேல் வண்டியை ஓட்டி மூழ்குகிறார்கள். பக் முதல் நாள் இரவிலேயே மற்ற நாய்களைப் பார்த்துப் பனிக்குள் குழி தோண்டிப் படுக்கக் கற்றுக்கொண்டதே, அதோடு இவர்களை ஒப்பிடச் சொல்லுங்கள். வலிமை வேறு, கற்றுக்கொள்ளும் திறன் வேறு என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

ஆனால் அதோடு நிறுத்தினால் நாவல் தன்முன்னேற்றப் பாடமாகிவிடும். டேவ் என்ற நாயைக் கொண்டுவாருங்கள். நோயில் சாகும் நிலையிலும் வண்டியில் தன் இடத்தை விட மறுத்து, தனக்குப் பதில் பூட்டிய நாயின் வாரைக் கடித்து அறுத்துவிட்டு அங்கே நிற்கிறது. உயிர் பிழைப்பதைவிடப் பெரிதாக ஒன்றை அது நினைத்தது. பிறகு வரும் கடைசி எஜமானர் ஜான் தார்ன்டன் மீது பக் வைக்கும் அன்பும் இப்படித்தான்: காடு கூப்பிடும்போதெல்லாம் பக்கை முகாமுக்குத் திரும்ப இழுக்கிறது. ஆக, மாற்றம் ஒரே திசையில் ஓடவில்லை. அத்தியாய வாரியாக ஒரு கோடு வரையச் சொன்னால் ஏழாவதுவரை அது ஏறி இறங்குவது கண்ணுக்கே தெரியும்.

ஒரு எச்சரிக்கை. மூதாதையரின் நினைவுகள் பக்கின் இரத்தத்தில் விழிப்பதாக லண்டன் எழுதுகிறார். நாவல் வெளிவந்த 1903இல் இப்படி நம்பியவர்கள் இருந்தார்கள். வாழ்க்கையில் கண்டதும் கேட்டதும் நினைவாகப் பரம்பரைக்கு இறங்கும் என்று இன்றைய உயிரியல் சொல்வதில்லை. கதையில் தார்ன்டனைக் கொல்லும் யீஹாட் என்ற பழங்குடியும் கற்பனை. அவர்களைக் கொலைகாரர்களாக மட்டும் காட்டியிருப்பதை அப்படியே கடந்துபோகாமல், பிள்ளைகளோடு பேசுங்கள்.

வன்முறைக் காட்சிகளில், நாய்களைப் பழக்கும் சிவப்பு ஸ்வெட்டர்க்காரன் பக்கைத் தடியால் அடிப்பதையும், கர்லி என்ற நாயை மற்ற நாய்கள் கடித்துக் கொல்வதையும் விடக் கூடாது. பக்கின் மாற்றம் அங்கேதான் தொடங்குகிறது. முன்கூட்டியே சொல்லிவிட்டு, நாடகமாக்காமல், ஒரே முறை வாசியுங்கள். வளர்ப்பு நாயை அண்மையில் இழந்த பிள்ளை இருந்தால் டேவ் பகுதியை வகுப்பில் வாசிக்காமல் வீட்டு வாசிப்பாகக் கொடுத்து, வீட்டாரிடமும் சொல்லிவைக்கலாம். பக்கின் எதிரியான ஸ்பிட்ஸ் என்ற தலைமை நாயோடு நடக்கும் சண்டையைச் சுருக்கிச் சொன்னாலும் பாதகமில்லை.

தேர்வில் 'கருப்பொருளை விளக்குக' என்று கேட்காதீர்கள். தார்ன்டன் சாகாமல் இருந்திருந்தால் பக் காட்டுக்குப் போயிருக்குமா என்று கேட்டு, கதையிலிருந்து இரண்டு இடங்களைச் சான்றாகக் காட்டச் சொல்லுங்கள். ஆம், இல்லை, எதை எழுதினாலும் சான்று பொருந்தினால் முழு மதிப்பெண் போடலாம்.