நான் விலகிவிட்டால் அவர் பிழைப்பாரா?

கேள்வி: எனக்கு 23 வயது. தென்மாவட்டத்தில் ஒரு கிராமம். நான்கு வருடமாக ஒருவரை விரும்புகிறேன். அவர் பட்டியல் சாதி, நாங்கள் இடைநிலைச் சாதி. விஷயம் தெரிந்ததும் "அவன் தலை இருக்காது" என்று அண்ணன் சொல்லிவிட்டான். இந்தக் காதலுக்காக அவர் உயிரைப் பணயம் வைப்பது நியாயமா? சொல்லாமல் விலகிவிடலாமா?

பதில்: அன்புச் சகோதரி, விலகுவதென்றாலும் சேர்வதென்றாலும் அவரிடம் சொல்லாமல் முடிவெடுக்காதீர்கள். அரிவாள் அவர் கழுத்துக்குத்தான். அதை ஏற்பதா என்று சொல்ல வேண்டியவரும் அவர்தான். அண்ணன் பேசியதை வார்த்தை மாறாமல் சொல்லுங்கள். கேட்டு அவர் பயந்தால் அன்பு குறைந்துவிட்டதாக நினைக்காதீர்கள். பயம் உங்களுக்கு என்றால், "உங்கள் நல்லதுக்காக" என்று மூடாமல் பயம் என்றே சொல்லிவிடுங்கள்.

அவருடைய தெருவைப் பற்றியும் பேசுங்கள். 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனியிலும் பக்கத்துக் குடியிருப்புகளிலும் இருநூறுக்கு மேற்பட்ட தலித் வீடுகளை எரித்தார்கள். காரணம் காட்டியது ஒரு காதல் திருமணத்தை. நீங்கள் இருவரும் திருப்பூருக்குப் போய்விடலாம், அவருடைய அம்மா அதே தெருவில்தான் இருப்பார்.

இவ்வளவும் பேசிய பிறகும் இருவருக்கும் மனம் மாறவில்லை என்றால், சேர்ந்து வாழுங்கள் என்றுதான் சொல்வோம். கொலை மிரட்டல் விடுகிறவனின் குற்றத்துக்கு நீங்கள் காதலைப் பலி கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு அடியையும் யோசித்து வையுங்கள்.

இருவரும் இந்துக்கள் என்றால் சிறப்புத் திருமணச் சட்டத்தைத் தவிருங்கள். அதில் உங்கள் பெயர், முகவரியோடு 30 நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள். ஊருக்குச் சேதி போக அது போதும். இந்து திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவுப்படி சுயமரியாதைத் திருமணம் செய்யலாம். புரோகிதர் தேவையில்லை. சாட்சிகள் முன்னால் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி மாலையோ மோதிரமோ மாற்றினாலும், தாலி கட்டினாலும் செல்லும். ஊரறிய நடத்த வேண்டியதில்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அவருக்கு 21 வயது முடிந்திருக்க வேண்டும். 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். பெற்றோர் வந்தாக வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. ஒருவர் கிறிஸ்தவர் என்றால் 7-ஏ பொருந்தாது, வக்கீலிடம் கேளுங்கள்.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஆதார் ஒரிஜினலை எடுங்கள். நகை ஒரு குண்டுமணி கூட வேண்டாம், காதில் கிடக்கும் தோட்டையும் கழற்றி வைத்துவிடுங்கள். "நகையோடு ஓடிவிட்டாள்" என்று அவர் மேல் திருட்டுப் புகார் கொடுப்பது வழக்கமான வேலை. அடுத்தது கடத்தல் புகார். அதற்கு முன்பே, விருப்பப்பட்டுத்தான் போகிறேன் என்று கைப்பட எழுதி, தேதியிட்டு, மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அண்ணன் என்றைக்கு என்ன சொன்னான் என்பதையும் எழுதி, அவருடைய பெற்றோருக்கும் பாதுகாப்பு கேளுங்கள். 2018 சக்தி வாஹினி தீர்ப்பில் இப்படிப்பட்ட ஜோடிகளுக்காக மாவட்டந்தோறும் தனிப் பிரிவு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, பாதுகாப்பு இல்லம் அமைப்பதையும் பரிசீலிக்கச் சொல்லியிருக்கிறது. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள்.

உள்ளூர் ஸ்டேஷனுக்கு வக்கீல் இல்லாமல் போகாதீர்கள். 'பேச்சுவார்த்தை' என்று உட்கார வைத்து, வாசலில் சொந்தக்காரர்கள் கூடியதும் பெண்ணை அனுப்பிவைக்கப் பார்ப்பார்கள். "நான் மேஜர், வீட்டுக்குப் போக விருப்பமில்லை, மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் கொடுக்கிறேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். இலவச வக்கீலுக்கு 15100, பெண்கள் உதவிக்கு 181, அவசரத்துக்கு 112.

பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்ததும் ஆபத்து தீர்ந்தது என்று எண்ணிவிடாதீர்கள். உடுமலைப்பேட்டையில், சாதி மாறித் திருமணம் செய்த தலித் இளைஞர் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டது திருமணமாகி எட்டு மாதம் கழித்து, 2016 மார்ச்சில், பட்டப்பகலில். 2022இல் கும்பகோணம் அருகே ஒரு ஜோடியை விருந்துக்கு என்று அழைத்தே கொன்றார்கள். சமாதானம் பேச வருகிறவர்களை வக்கீல் அலுவலகத்தில் பாருங்கள். மறுவீட்டுக்கும் திருவிழாவுக்கும் ஊருக்குப் போக வேண்டாம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று போன் வந்தால், எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு என்று வக்கீல் மூலம் விசாரித்துவிட்டு அப்புறம் கிளம்புங்கள்.