செவுளைத் தூக்கிப் பாருங்கள்

அன்புள்ள அக்கா,

திருவொற்றியூரில் குடியிருக்கிறேன். தினமும் விம்கோ நகரில் மெட்ரோ ஏறி கிண்டிக்கு வேலைக்குப் போகிறேன். நானும் மனைவியும் சம்பாதிக்கிறோம், பெரிய குறை எதுவும் இல்லை. ஆனால் அன்றைய நாள் எப்படிப் போனது என்று ராத்திரி யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வருவதில்லை. ரயிலிலும் போன், சாப்பாட்டிலும் போன். தியானச் செயலி ஒன்றுக்கு ஆண்டுச் சந்தா கட்டினேன். பத்து நிமிடம் மூச்சை எண்ணச் சொல்கிறது, ஏழாவது மூச்சுக்குள் ஆபீஸ் ஞாபகம் வந்துவிடுகிறது. நாட்குறிப்பு எழுதிப் பார்த்தேன், ஒரு வாரத்தில் நின்றுபோனது. பத்து நாள் மௌன முகாமுக்குப் போகலாமா என்று யோசிக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லி வரவழைத்த மீனைச் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, அது என்ன மீன் என்று மனைவியைக் கேட்டேன். அப்போதுதான் பயம் வந்தது. எங்கேயிருந்து தொடங்குவது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் அந்த மீன் மட்டும் இல்லாவிட்டால் இதற்குப் பதில் எழுதியிருக்க மாட்டேன். காசிமேடு மீன் சந்தைக்கு இத்தனை பக்கத்தில் இருப்பவர்கள் மீனை டப்பாவில் வாங்கத் தொடங்கிவிட்டார்களே என்று கொஞ்ச நாளாகவே மனசு உறுத்திக்கொண்டிருந்தது. நீங்கள் அதை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டீர்கள்.

செயலியை விடுங்கள். நாட்குறிப்பு வரவில்லையென்றால் அதையும் விடுங்கள், எல்லாருக்கும் எழுத வராது. ரயிலில் போனைப் பைக்குள் போடுங்கள், அதற்கு யாரும் பயிற்சி கொடுக்க வேண்டியதில்லை. மௌன முகாம் நல்லதுதான். ஆனால் பதினோராவது நாள் நீங்கள் வந்து இறங்கப் போவது இதே திருவொற்றியூரில், இதே சாப்பாட்டுத் தட்டு முன்னால்.

மூச்சை எண்ணும்போது ஏழுக்குப் பதில் பதினேழில் விழித்துக்கொண்டாலும் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. தப்பு செய்தால் உடனே காட்டிக்கொடுக்கும் ஒரு வேலையில்தான் புதிதாகத் தொடங்குகிறவருக்குக் கவனம் படியும். மீன் காட்டிக்கொடுக்கும். கவனிக்காமல் வாங்கினால் நாறும், கவனிக்காமல் அரிந்தால் கசக்கும், கவனிக்காமல் கொதிக்கவிட்டால் சட்டியில் முள்தான் மிஞ்சும். அதோடு, ஒரு வாரம் வந்த மீன் மறு வாரம் வராது. வந்தாலும் அதே பருமனில், அதே பதத்தில் இருக்காது. பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு செய்ய முடியாத வேலை இது. வாரம் ஒரு முறை இந்த ஒரு வேலையை முதலிலிருந்து கடைசி வரை நீங்களே செய்யுங்கள். உங்கள் கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான். மீதியெல்லாம் எப்படிச் செய்வது என்பது.

ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் நிற்க இடமிருக்காது. சனிக்கிழமை லீவு என்றால் அன்றைக்குப் போங்கள், வெயில் ஏறுவதற்குள் போங்கள். மூடியுள்ள தூக்குச் சட்டி ஒன்று கையில் இருக்கட்டும். வாங்குவதற்கு முன் ஒரு சுற்று சும்மா நடங்கள். என்ன மீன் நிறைய வந்திருக்கிறது என்று பார்ப்பதற்காக. வஞ்சிரம் என்று வீட்டிலேயே முடிவு கட்டிக்கொண்டு போகிறவர் எதையும் பார்க்க மாட்டார், விலை மட்டும் கேட்பார். நிறைய வந்திருக்கும் மீன்தான் அன்றைக்கு நல்ல மீன், மலிவும் அதுதான்.

மீனின் கண்ணைப் பார்த்து வாங்கு என்று எல்லாரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. கண் புடைத்து, பளிச்சென்று இருந்தால் நல்லது, குழி விழுந்திருந்தால் வேண்டாம். ஆனால் ஐஸ் மேலேயே படுத்திருந்த மீனுக்குக் கண் வெளுத்துப் போகும், சதை நன்றாகவே இருக்கும். அதனால் செவுளைத் தூக்கிப் பாருங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள், தூக்கிக் காட்டுவார்கள். உள்ளே ரத்தச் சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். பழுப்பேறி, கொழகொழவென்று இருந்தால் அடுத்த கூடைக்குப் போங்கள். பிறகு விரலால் முதுகுச் சதையை அமுக்குங்கள். பள்ளம் உடனே மேலே வர வேண்டும். வயிறு வெடித்திருக்கக் கூடாது, செதில் தொட்டதும் உதிரக் கூடாது. கடைசியாக மூக்கு. கடல் வாசம் இருக்கலாம், மூக்கைக் குத்தும் நெடி இருக்கக் கூடாது. கூறு கட்டி வைத்திருந்தால் மேலே இருப்பதை மட்டும் பார்த்துக் காசைக் கொடுத்துவிடாதீர்கள், அடியில் இருப்பதையும் புரட்டிப் பாருங்கள். நண்டு என்றால் கால் ஆட வேண்டும்.

இத்தனையும் இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடத்தில் உங்கள் ஆபீஸ் எங்கே போனது என்று பாருங்கள்.

இங்கே கோட்டை விடாமல் வழியில் கோட்டை விடுகிறவர்கள்தான் அதிகம். பிளாஸ்டிக் பையில் கட்டி வண்டியில் மாட்டிக்கொண்டு, நடுவில் டிபன் சாப்பிட்டு, ஒன்றரை மணி நேரம் கழித்து வீட்டுக்கு வருவார்கள். சென்னை வெயிலுக்கு அது போதும். மீன் அரிந்து தருகிறவர்களிடம் செவுளையும் குடலையும் அங்கேயே எடுத்துவிடச் சொல்லுங்கள், கெடுதல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உடைத்த ஐஸ், அடியிலும் மேலேயுமாகப் போட்டுத் தூக்குச் சட்டியை மூடுங்கள். கானாங்கெளுத்தி, சூரை, மத்தி வாங்கினால் இதில் விளையாடவே கூடாது. சூட்டில் கிடந்தால் இவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற ரசாயனம் சேரும். எத்தனை கொதி கொதித்தாலும் அது போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடம்பு அரிக்கும், நாக்கு சுருக்கென்று எரியும். எனக்கு மீன் ஒத்துக்காது என்று காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பவர்களில் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போனது வெயிலில் கிடந்த அந்த ஒரு மீன்தான்.

வீட்டில் கழுவும்போது இரண்டு இடத்தைப் பாருங்கள். வயிற்றுக்குள் கறுப்புத் தோல் ஒட்டியிருந்தால் உரித்தெடுங்கள். நடுமுள்ளை ஒட்டி ஓடும் ரத்தக் கோட்டை நகத்தால் சுரண்டுங்கள். கவிச்சை வாடைக்கு இவை முக்கியக் காரணம், மசாலாவைக் கூட்டுவதால் அது போகாது. பச்சையாகக் கறை தெரிந்தால் பித்தப்பை உடைந்திருக்கிறது. அந்தச் சதையை வெட்டி எறிந்துவிடுங்கள், இல்லாவிட்டால் குழம்பே கசக்கும். கல் உப்பு போட்டுத் தேய்த்து மூன்று தண்ணீரில் அலசுங்கள். தண்ணீரில் ஊறவிட்டுப் போய் போனைப் பார்க்காதீர்கள், ருசி தண்ணீரோடு போய்விடும்.

இனி குழம்பு. அரைக் கிலோ சங்கரா மீனுக்கு எலுமிச்சம்பழ அளவு புளி, நூறு கிராம் சின்ன வெங்காயம், இரண்டு தக்காளி, நாலு கரண்டி நல்லெண்ணெய், அரை டீஸ்பூன் வெந்தயம். வெந்தயம் பொன்னிறத்தைத் தாண்டினால் கசப்பு, அந்த அரை நிமிடம் அடுப்பை விட்டு நகராதீர்கள். மிளகாய்த் தூளும் புளிக்கரைசலும் சேர்ந்து கொதித்து, எண்ணெய் மேலே மிதந்த பிறகுதான் மீன். பொறுமை இல்லாதவர்கள் பச்சை வாசனை போகுமுன்னே மீனைப் போட்டுவிட்டு, பிறகு குழம்பைச் சுண்ட வைக்கிறேன் என்று மீனைக் கரைத்துவிடுவார்கள். போட்ட பிறகு ஐந்து முதல் ஏழு நிமிடம், சின்னத் தீ. கரண்டியைச் சட்டிக்குள் விடவே கூடாது. சட்டியின் விளிம்பைத் துணியால் பிடித்து ஒரு சுழற்று சுழற்றுங்கள். அணைத்துவிட்டு அரை மணி நேரமாவது தொடாதீர்கள், மீனுக்குள் புளியும் உப்பும் ஏறுவது அப்போதுதான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது. ஃபைபர் படகில் போகிறவர்கள் கரையோரத்தில் பிடித்து வருவது வரும். காரப்பொடி மீன், நெத்திலி கிடைத்தால் அதை வாங்குங்கள். அதே மாதங்களில்தான் மாங்காயும் வரும், மாங்காய் போட்டால் புளியைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். அந்த நாட்களிலும் பெரிய வஞ்சிரம் துண்டுதான் வேண்டும் என்று போனில் தேடினால், அது எங்கே பிடித்தது, எத்தனை நாள் ஐஸில் இருந்தது என்று உங்களால் சொல்ல முடியாது. தடை எதற்கு? மீன் முட்டையிட்டுப் பெருகுவதற்கு. அதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் நிதானமாக வாழ வேண்டும் என்கிறீர்களே, தம்பி, எனக்குக் கோபம் வருகிறது.

இன்னொன்றுக்கும் கோபம் வந்தது. என்ன மீன் என்று மனைவியைக் கேட்டேன் என்கிறீர்கள். அவரும்தான் வேலைக்குப் போகிறார், ஆனால் அவருக்குப் பெயர் தெரிந்திருக்கிறது. கவனமில்லாத வாழ்க்கை உங்களுக்குக் கட்டுப்படியாவது, உங்கள் பங்கையும் சேர்த்து அவர் கவனித்துக்கொண்டிருப்பதால்தான். முகாமுக்குப் போவதா என்று அவரையே கேளுங்கள், பத்து நாள் வீட்டைத் தனியாகப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் அவர்.

மீன் வேலை உங்களுடையது என்றால் முழுக்க உங்களுடையது. மண்சட்டியில் சோப்பு போடாதீர்கள், மண் அதை உறிஞ்சிக்கொண்டு அடுத்த குழம்பில் கொடுக்கும். கடலை மாவும் தேங்காய் நாரும் போதும், கழுவி வெயிலில் கவிழ்த்து வையுங்கள். அரிவாள்மனையை முதலில் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். சுடுதண்ணீர் பட்டால் ரத்தமும் சதையும் வெந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு புளிச் சக்கையால் தேய்த்து ஈரம் போகத் துடையுங்கள். செதில், கழிவையெல்லாம் பேப்பரில் சுற்றி அன்றைக்கே குப்பை வண்டியில் போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா