பின்தொடையில் சொட்டை: தத்தெடுத்த கிரேஹவுண்டுகளுக்கு என்ன தடவலாம், எதைத் தடவக் கூடாது?

ஓட்டப் பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற கிரேஹவுண்டு நாய்களை மெல்பர்னில் 11 வருடமாக வீட்டில் வைத்துப் பழக்கி, நிரந்தர வீடு கிடைத்ததும் அனுப்பிவைக்கிறேன். இதுவரை 14 பேர் வந்து போயிருக்கிறார்கள். இரண்டு பேர் போக மறுத்து இங்கேயே தங்கிவிட்டார்கள். நான் கால்நடை மருத்துவர் இல்லை. ஆனால் முடியில்லாத பின்தொடைகளை நிறையப் பார்த்தவள். இந்த முறை வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

டாண்டினாங்கிலிருந்து: அக்கா, போன மாதம் 3 வயது ஆண் நாயைத் தத்தெடுத்தோம். முன்னால் பார்த்தால் ராஜா. திரும்பினால் இரண்டு தொடையும் உரித்த கோழி மாதிரி இருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா?

உரித்த கோழி! இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. கிரேஹவுண்டு வைத்திருப்பவர்கள் இதை ‘பால்ட் தை’, அதாவது சொட்டைத் தொடை என்பார்கள். தொடையின் பின்புறமும் வெளிப்புறமும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழித்து விட்டாற்போல இருக்கும். சிலதுக்கு வயிறு, நெஞ்சுக்கும் பரவியிருக்கும். தோல் வழவழவென்று இருந்து, அரிப்பு, சிவப்பு, செதில், நாற்றம் எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் அது நோயே இல்லை. பந்தயக் கொட்டடியிலிருந்து வருகிற நாய்களில் சர்வசாதாரணம்.

தேங்காய் எண்ணெய்க்கு வருவோம். என் முதல் நாய்க்கு நானும் தடவினேன். சூடு பறக்கத் தேய்த்து, நாலு நாள் தொடர்ந்து. கிரேஹவுண்டின் கழுத்து நீளம் உங்களுக்குத் தெரியும். திரும்பி நக்குவதற்கு அதைவிட வசதியான உடம்பு கிடையாது. நான் தடவியதெல்லாம் நாக்கு வழியாக வயிற்றுக்குப் போனது. ஐந்தாம் நாள் விடியற்காலையில் வரவேற்பறைக் கம்பளத்தில் பேதி. அத்தனை கொழுப்பு ஒரேயடியாக உள்ளே போனால் சில நாய்களுக்குக் கணையம் வீங்கிவிடும், அது வீட்டில் பார்க்கிற விஷயம் இல்லை. எனக்குக் கம்பளத்தோடு போயிற்று. முடி? அது எண்ணெய் நிறுத்தி மூன்று மாதம் கழித்துத் தானாக வந்தது.

வறண்டு செதில் விடுகிற இடத்தில் உள்ளங்கையில் ஒரு சொட்டு தேய்த்து ஒற்றி எடுத்தால் கெடுதல் இல்லை. முடி வளர்ப்பதற்கு என்று தடவ வேண்டாம்.

சிட்னி, பெண்டில் ஹில்லிலிருந்து: ஏன் இப்படி ஆகிறது? கொட்டடியில் சிமென்ட் தரையில் படுத்துத் தேய்ந்துபோனது என்கிறார்களே?

அப்படித்தான் ரொம்ப நாளாகச் சொல்லிவந்தார்கள். தேய்ப்பும் ஒரு பங்கு இருக்கலாம். ஆனால் தரையில் படாத வயிற்றோரமும் உள்தொடையும் ஏன் சொட்டையாகிறது என்பதற்கு அதில் பதில் இல்லை. தைராய்டு, மன உளைச்சல், உணவு, பரம்பரை என்று ஒவ்வொருவரும் ஒன்றைச் சொன்னார்கள். பெண் நாய்கள் பருவத்துக்கு வராமலிருக்கப் பல இடங்களில் ஹார்மோன் கொடுத்து ஓட்டியதும் உண்டு, அதன்மேலும் பழி விழுந்தது. 2019இல் வெளிவந்த ஒரு ஆய்வில் முடித்தண்டையே நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். முடியின் அமைப்பிலேயே பலவீனம் இருக்கிறது, அதனால் ஒடிந்துபோகிறது என்று கண்டார்கள். எனக்கு இதுதான் பொருத்தமாகப் படுகிறது. வேர் சாகவில்லை, முடிதான் நிற்கவில்லை. அதனால்தான் வாழ்க்கை மாறியதும் பல நாய்களுக்குத் திரும்ப முளைக்கிறது.

லண்டன், ஈஸ்ட் ஹாமிலிருந்து: புழுவெட்டுக்குச் சின்ன வெங்காயம் தேய்த்தால் முடி முளைக்கும் என்று அம்மா சொல்கிறார். நாய்க்கும் தேய்க்கலாமா? அம்மா உரித்தே வைத்துவிட்டார்.

வேண்டாம், வேண்டவே வேண்டாம். உரித்ததைச் சாம்பாரில் போடச் சொல்லுங்கள், அந்தச் சாம்பாரையும் நாய்க்கு ஊற்ற வேண்டாம். வெங்காயம், பூண்டு, வெங்காயத்தாள் எல்லாமே நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பச்சையோ, வதக்கியதோ, பொடியோ, வித்தியாசம் இல்லை. தொடையில் தேய்த்தது பத்து நிமிடத்தில் நாக்குக்குப் போய்விடும். அப்புறம் ஈறு வெளுப்பது, சிறுநீர் காப்பி நிறத்தில் போவது என்று சில நாள் கழித்துத்தான் தெரியும். அம்மாவிடம், அது மனுஷத் தலைக்கான வைத்தியம் என்று சொல்லுங்கள், வருத்தப்பட மாட்டார்.

இதோடு சேர்த்து மற்றதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்த வாரம் கேட்பீர்கள். டீ ட்ரீ எண்ணெய் நாய்க்கு விஷம், தண்ணீரில் கலந்தாலும் நம்பாதீர்கள். கற்றாழை மடலின் மஞ்சள் பால் வயிற்றைக் கலக்கும். குழந்தைகளுக்குப் போடுகிற துத்தநாகக் களிம்பை நக்கினால் ஆபத்து. விளக்கெண்ணெய் எதற்குப் பேர்போனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மஞ்சள் பற்றுப் போட்டால் முடி முளைக்காது, சோபா மஞ்சளாகும்.

டார்னெட்டிலிருந்து ஒரு பெரியவர்: கோவில்பட்டிப் பக்கம் எங்கள் அப்பா சிப்பிப்பாறை வைத்திருந்தார். முடி கொட்டினால் வேப்பெண்ணெய்தான். மகன் வீட்டுக் கிரேஹவுண்டுக்கும் அதையே செய்யலாம் அல்லவா?

ஐயா, உங்கள் அப்பா செய்ததில் காரணம் இருந்தது. காட்டில் முயல் விரட்டிய நாய்க்கு உண்ணியும் சொறியும் வரும், வேப்பெண்ணெய் அந்தப் பூச்சிக்காக. உங்கள் மகன் வீட்டு நாயின் தொடையில் விரட்டுவதற்குப் பூச்சியே இல்லை. அது போக, அதன் தோல் சிப்பிப்பாறைத் தோலைப் போலவே மெல்லியது, சுத்த வேப்பெண்ணெய் எரியும். அந்த வாடையோடு அது கட்டிலில் ஏறிப் படுத்தால் உங்கள் மருமகள் என்ன சொல்வார் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

மெல்பர்ன், கிளைடிலிருந்து: ரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறைவு என்று வந்தது. வாழ்நாள் முழுக்க மாத்திரை என்கிறார்கள். சொட்டைக்குக் காரணம் அதுதானாம்.

இந்தக் கேள்விக்காகவே இந்த முறை உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிரேஹவுண்டின் ரத்தம் மற்ற நாய்களின் ரத்தம் மாதிரி இல்லை. சிவப்பணு அதிகம், தட்டணு குறைவு, தைராய்டு ஹார்மோனான டி4 இயல்பாகவே மிகக் குறைவு. லாப்ரடாருக்கும் பூடிலுக்கும் போட்ட அளவுகோலை வைத்து அளந்தால் நல்ல ஆரோக்கியமான கிரேஹவுண்டுகூடத் தைராய்டு நோயாளியாகத் தெரியும். உண்மையான தைராய்டு குறைபாடு இந்த இனத்தில் அபூர்வம்.

என்னிடம் இருந்த கறுப்புப் பெண் நாய் ஒன்றுக்கு இதே கதை நடந்தது. ஒரு மருத்துவமனையில் டி4 மட்டும் பார்த்துவிட்டு மாத்திரை எழுதினார்கள். நானும் கொடுத்தேன். மூன்று வாரத்தில் அவள் ராத்திரியில் தூங்காமல் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தாள், மூச்சு இரைத்தது, எடையும் இறங்கியது. கிரேஹவுண்டுகளைப் பார்த்துப் பழகிய இன்னொரு மருத்துவரிடம் போனபோது அவர் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டுகிற ஹார்மோன்), ஃப்ரீ டி4 (ரத்தத்தில் எதோடும் ஒட்டாமல் இருக்கிற டி4) இரண்டும் எடுத்துப் பார்த்து, ‘இவளுக்குத் தைராய்டில் ஒன்றும் இல்லை’ என்றார். மாத்திரையைக் குறைத்து நிறுத்தினோம்.

அதனால் நீங்கள் கேட்க வேண்டியது இது: டி.எஸ்.எச். பார்த்தீர்களா? கிரேஹவுண்டுக்கான அளவை வைத்துப் பார்த்தீர்களா? மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள். ஏற்கெனவே மாத்திரை தொடங்கியிருந்தால் நான் சொன்னேன் என்று நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ஆக்லாந்திலிருந்து: எங்கள் நாய்க்கு முடி போன இடத்தில் அரிப்பு இருக்கிறது. வால் அடியில் கடித்துக்கொண்டே இருக்கிறாள்.

அப்படியென்றால் கதை வேறு. அரித்தால் அது ‘பால்ட் தை’ இல்லை. வால் அடி என்றதும் முதல் சந்தேகம் தெள்ளுப்பூச்சி. பல் நெருக்கமான சீப்பால் வாரி, விழுகிற கறுப்புத் துகளை ஈரமான வெள்ளை டிஷ்யூவில் வைத்து அழுத்துங்கள். மண்ணென்றால் கறுப்பாகவே இருக்கும். தெள்ளின் கழிவென்றால் சுற்றிலும் செம்பழுப்பாகக் கசியும், அது நாயின் ரத்தம். தெள்ளு மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள், வீட்டில் பூனை இருந்தால் அதையும் சொல்லுங்கள். நாய்க்குப் போடுகிற சில மருந்து பூனையைக் கொன்றுவிடும்.

காது ஓரமும் முழங்கையும் சேர்ந்து அரித்தால் சொறிப்பூச்சியாக இருக்கலாம். வட்டமாகத் திட்டு விழுந்து ஓரத்தில் செதில் இருந்தால் படர்தாமரை. அது உங்களுக்கும் குழந்தைக்கும் ஒட்டும். இரண்டுக்கும் கைவைத்தியம் கிடையாது. தண்ணீர் குடம் குடமாகக் குடித்து வயிறு தொங்க ஆரம்பித்தாலும் மருத்துவர்தான்.

டொரண்டோவிலிருந்து: வணக்கம் அக்கா. எங்கட ஆளுக்கு முழங்கையிலயும் இடுப்பு எலும்புக்கு மேலயும் மயிர் இல்லை, தோல் தடிச்சுப்போய்க் கிடக்கு. என்ன பூசலாம்?

பூச வேண்டாம் தம்பி, படுக்கையை மாற்றுங்கோ. கொழுப்பே இல்லாத உடம்பு, எலும்பு நேரே தரையில் அழுந்துகிறது, அதனால் காய்ப்பு. உங்கள் முழங்காலால் படுக்கையை அழுத்திப் பாருங்கள். தரை தட்டினால் அது போதாது. பழைய கட்டில் மெத்தை ஒன்று இருந்தால் கடைப் படுக்கையைவிட நல்லது. காய்ப்பு வெடித்து நீர் கசிந்தால் மட்டும் காட்டுங்கள்.

லண்டன், ஹாரோவிலிருந்து: முன்னங்கால் பாதத்துக்கு மேல் சின்னதாக முடி போய்ப் புண் மாதிரி இருக்கிறது. காட்டுப்பாதையில் நடந்து வந்த பிறகு வந்தது. பொறுத்துப் பார்க்கலாமா?

பொறுக்க வேண்டாம், இன்றே காட்டுங்கள். முள் கிழித்ததாக இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் உங்கள் நாட்டில் ‘அலபாமா ராட்’ என்று ஒன்று 2012இலிருந்து தலைகாட்டுகிறது. காலில் புண்ணாகத் தொடங்கிச் சிறுநீரகத்தைத் தாக்கும். முதன்முதலில் 1980களில் அமெரிக்காவின் அலபாமாவில் பந்தயக் கிரேஹவுண்டுகளிடம்தான் அதைக் கண்டார்கள். அபூர்வம்தான், ஆனால் காத்திருந்து பார்க்கிற வகை இல்லை.

மெல்பர்ன், வான்டிர்னாவிலிருந்து: நாங்கள் சைவம். நாய்க்கும் தயிர்சாதம், பருப்புதான் கொடுக்கிறோம். முடி வளர உணவில் என்ன சேர்க்கலாம்?

முடி என்பது புரதம். தயிர்சாதத்தில் தொடை மூடாது. கோபித்துக்கொள்ளாதீர்கள். கையால் இறைச்சி தொட மனமில்லையென்றால் முழுச் சத்துள்ள நல்ல உலர் தீவனம் வாங்கிக் கிண்ணத்தில் கொட்டுங்கள். தயிர் மேலே ஒரு கரண்டி, சரி. முட்டை வீட்டுக்குள் வரலாம் என்றால் வேகவைத்த முட்டை வாரத்துக்கு இரண்டு மூன்று.

மற்ற வீடுகளுக்கு: தண்ணீரில் போட்ட மத்தி டின், உப்பும் எண்ணெயும் இல்லாதது, வாரத்துக்கு இரண்டு தடவை. என் அனுபவத்தில் கொட்டடி முடியின் சாம்பல் மங்கல் போய் மினுக்கம் வர இதுதான் கைகொடுத்தது. எடுத்ததும் ஒரு முழு டின்னைக் கொட்டாதீர்கள், ஒரு மீனில் தொடங்குங்கள்.

வான்டிர்னா வீட்டிலிருந்தே: மெலடோனின் (தூக்க ஹார்மோன்) சேர்த்த கம்மி மிட்டாயை அமெரிக்காவிலிருந்து வாங்கிவரச் சொல்லட்டுமா?

வேண்டாம். சில வகை முடி உதிர்வுக்கு மருத்துவர்கள் மெலடோனின் கொடுத்துப் பார்ப்பது உண்மை. ஆனால் கம்மியில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கலாம், அது நாயின் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும். மருத்துவர் எழுதினால் மட்டும்.

அடிலெய்டிலிருந்து: முடியில்லாத இடத்தில் வெயில் பட்டால் பரவாயில்லையா? அவன் முற்றத்தில் மல்லாந்து படுத்துக் குளிர்காய்கிறான்.

கிரேஹவுண்டுகளுக்கு அது பிடிக்கும், நாலு காலும் வானத்தைப் பார்க்கும். ஆனால் ஆஸ்திரேலிய வெயில் பொல்லாதது. முடி குறைந்த வயிற்றிலும் உள்தொடையிலும் வெயிலால் தோல் புற்று வருகிற இனம் இது. மத்தியானத்தில் உள்ளே கூப்பிடுங்கள். மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று தைத்துப் போடலாம். மனிதர்களின் சன்ஸ்கிரீனில் துத்தநாகம் இருக்கலாம், நாய்க்கென்று விற்பதை வாங்குங்கள். வயிற்றில் சிவப்பாகவோ ஊதாவாகவோ புதிய மரு போலத் தெரிந்தால் காட்டிவிடுங்கள்.

டாண்டினாங் திரும்பவும்: அக்கா, எதையும் தடவாதே என்றால் நான் என்னதான் செய்வது? எவ்வளவு நாள் காத்திருப்பது?

கை சும்மா இருக்காது, தெரியும். வந்த வாரத்தில் நாய் ஷாம்பூ போட்டு வெதுவெதுப்பான நீரில் ஒரே ஒரு குளியல். அப்புறம் தினமும் ஐந்து நிமிடம் ரப்பர்க் கையுறையால் முதுகிலிருந்து தொடை வரை முடி போகிற திசையில் மெதுவாகத் தடவிவிடுங்கள். அதற்குச் சுகம், உங்களுக்கும் ஒரு வைத்தியம் செய்த திருப்தி.

நாள் கணக்கு வேண்டாம், படம் எடுங்கள். மாதம் ஒருமுறை, அதே ஜன்னலோரம், தொடைக்குப் பக்கத்தில் ஒரு 50 சென்ட் காசைப் பிடித்துக்கொண்டு. தினமும் பார்க்கிற கண்ணுக்கு எதுவும் தெரியாது. இரவில் அது தூங்கும்போது போன் விளக்கைத் தொடைக்குப் பக்கவாட்டில், படுக்கை மட்டத்தில் வைத்துப் பாருங்கள். முதலில் ஓரத்தில்தான் வரும், பிறந்த குழந்தையின் நெற்றியில் இருக்குமே, அந்தப் பூனைமுடி. நேராகப் பார்த்தால் வெறும் தோல், சாய்த்துப் பார்த்தால் வெள்ளிப் பொடி தூவினாற்போல. அது தெரிந்தால் மூன்று நாலு மாதத்தில் மூடும். சிலதுக்கு ஒரு வருடம் பிடிக்கும்.

சிலதுக்கு வராது. இப்போது என் காலடியில் கிடக்கிறவளுக்கு 9 வயது, வந்து ஆறு வருடம் ஆகிறது, இரண்டு தொடையும் இன்னும் உரித்த கோழிதான். குளிர்காலத்தில் அந்த இடம் ஜில்லென்று இருக்கும், அதனால் பழைய போர்வையை வெட்டி ஒரு கோட்டு தைத்திருக்கிறேன். ஜூன் பிறந்தால் அவளே வந்து தலையை நீட்டுவாள்.