பாதியில் நின்ற சிகிச்சைகளில் இருந்து தொடங்குங்கள், டாக்டர்

கேள்வி: கும்பகோணத்தில் இரண்டு நாற்காலிகளோடு பல் மருத்துவமனை நடத்துகிறேன். மார்ச் கடைசியில் கொரோனா ஊரடங்கால் மூடி, ஜூனில் அவசர சிகிச்சைக்கு மட்டும் திறந்தோம். வருமானம் இன்னும் பழையதில் மூன்றில் ஒரு பங்குதான். ஒரு நாற்காலி மார்ச்சிலிருந்து சும்மா கிடக்கிறது. உபகரணக் கடனுக்கு இருந்த தவணைச் சலுகையும் ஆகஸ்ட் 31-உடன் முடிந்துவிட்டது. உதவியாளர் இருவரில் ஒருவரை நிறுத்திவிட்டு, ‘ஸ்கேலிங் (பல் காறை நீக்கம்) பாதி விலை’ என்று நோட்டீஸ் அடித்தால் சமாளிக்க முடியுமா? (பல் மருத்துவர், செப்டம்பர் 2020)

பதில்: நோட்டீஸ் வேண்டாம், டாக்டர். விளம்பரம் செய்து நோயாளிகளை அழைப்பதற்குப் பல் மருத்துவக் கவுன்சிலின் 2014 நெறிமுறைகள் கட்டுப்பாடு விதித்திருக்கின்றன. மே 19 அன்று சுகாதார அமைச்சகம் தந்த வழிகாட்டுதலோ, தொற்று குறைந்த ஆரஞ்சு, பச்சை மண்டலங்களில்கூட அவசர சிகிச்சைகளோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னது. நீர்த்திவலை அதிகம் பறக்கும் வேலைகளில் ஸ்கேலிங்கும் ஒன்று. அதைப் பாதி விலைக்குக் கூவி அழைத்தால் ஆபத்து கூடும், கையில் மிஞ்சுவது குறையும்.

உங்களுக்கு வரவேண்டிய நோயாளிகள் பழைய அப்பாயின்ட்மென்ட் நோட்டிலேயே இருக்கிறார்கள். பிப்ரவரி, மார்ச் பக்கங்களை விரித்து வைத்து ஒவ்வொரு பெயராகப் பாருங்கள். ரூட் கேனால் தொடங்கித் தற்காலிக அடைப்போடு போனவர்கள், வேர் சிகிச்சை முடிந்து கேப் போடாதவர்கள், கிளிப் மாட்டிய பிள்ளைகள், அளவு கொடுத்துவிட்டுப் பல்செட்டுக்குக் காத்திருப்பவர்கள் என்று பிரித்து எழுதுங்கள். முதலில் அழைக்க வேண்டியது தற்காலிக அடைப்புக்காரர்களை. சில வாரம் தாங்கும் மருந்தை ஆறு மாதம் விட்டால் ஓரம் கசிந்து கிருமி உள்ளே இறங்கியிருக்கும். கேப் போடாத பல், முறுக்கு கடித்தால் பிளந்துகொள்ளும். கிளிப் போட்ட பிள்ளைகளும் காத்திருக்க முடியாது. ஸ்பிரிங் யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் பல்லை நகர்த்திக்கொண்டேதான் இருக்கும்.

இந்த அழைப்புகளை ரிசப்ஷனில் இருப்பவரிடம் விடாமல் நீங்களே பேசுங்கள். “அம்மா, மார்ச்சுல மருந்து வச்சு அடைச்சோமே, அந்தக் கீழ்க் கடைவாய்ப் பல்லு இப்போ எப்படி இருக்கு? சாப்பிடும்போது வலிக்குதா? வீட்ல யாருக்காச்சும் காய்ச்சல், இருமல் இருக்கா?” இவ்வளவு போதும். பயந்துபோயிருக்கும் ஒருவரை எந்தத் தள்ளுபடியைவிடவும் இந்த விசாரிப்பு திரும்ப அழைத்து வரும். செப்டம்பர் 7 முதல் மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் ஓடுகிறது. வலங்கைமான், ஜெயங்கொண்டம் பக்கத்து நோயாளிகளாலும் இப்போது வர முடியும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. அவர்களில் பலர் முன்பணம் கட்டியிருப்பார்கள், அந்தப் பணம் ஊரடங்கிலேயே செலவாகியிருக்கும். வேலை இருக்கும், புதுப் பணம் வராது. அதனால் ஒரே நாளில் அவர்களை மட்டும் குவிக்காமல் பணம் பாக்கி உள்ளவர்களோடு கலந்து நேரம் கொடுங்கள். தாமதத்தால் மறுபடி சுத்தம் செய்ய நேர்ந்தால் அதற்குக் கட்டணம் வாங்காதீர்கள். நோயாளி செய்த பிழை அல்ல அது.

இனி ஒரு மணி நேரத்துக்கு உங்கள் செலவு எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். உதாரணத்துக்கு வாடகை 18,000, சம்பளம் 34,000, தவணை 28,000, மின்சாரம் உள்ளிட்டவை 10,000 என்றால் மாதம் 90,000 ரூபாய். 25 நாள், தினம் 6 மணி நேரம் என்றால் மணிக்கு 600 ரூபாய். ஏரோட்டர் (பல்லைக் குடையும் அதிவேகக் கருவி) ஓடிய அறையைக் காற்றாட விட்டுத் துடைக்க வேண்டியிருப்பதால், 45 நிமிட வேலை இப்போது 75 நிமிடம் பிடிக்கும். 450 ரூபாயாக இருந்த அடக்கச் செலவு 750 ஆகிறது. பி.பி.இ. கிட் செலவு தனி. இது தெரியாமல் கட்டணத்தைத் தொடவே கூடாது. பாதுகாப்புச் செலவைத் தனியாக வாங்குவதாக இருந்தால் எவ்வளவு என்பதைப் போனிலேயே சொல்லிவிடுங்கள். பில்லில் பார்த்துத் திடுக்கிட்டவர் திரும்பி வரமாட்டார்.

அந்த 75 நிமிடத்தில் அறை காற்றாடும் நேரம் வீணாகாமல் இருக்கத்தான் சும்மா கிடக்கும் இரண்டாவது நாற்காலி. ஒன்றில் ஏரோட்டர் வேலை, மற்றதில் ஆலோசனை, தையல் பிரிப்பு, பல்செட், கிளிப் முறுக்குதல். இரண்டும் ஒரே ஹாலில் இருந்தால் தரையிலிருந்து கூரைவரை தடுப்பு கட்டுங்கள். பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மறைக்கும் ரப்பர் டேமும், எச்சிலையும் நீரையும் உறிஞ்சும் வலுவான சக்ஷனும் இருந்தால் திவலை பாதிக்குமேல் குறையும். பல ஆயிரம் ரூபாய்க்குக் கிருமிநாசினிப் புகை மெஷின் விற்க வரும் டீலரை இந்த வருடம் திருப்பி அனுப்பிவிடலாம்.

ஆனால் அந்த நாற்காலியில் நாளைக்கே நோயாளியை உட்கார வைத்துவிடாதீர்கள். ஆறு மாதம் தேங்கிய தண்ணீரால், நாற்காலிக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாயின் உட்சுவரில் கிருமிப் படலம் வழவழவென்று படிந்திருக்கும். நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளர்வதற்கும் அதுவே தோதான இடம். கம்பெனி கையேட்டில் சொன்ன மருந்தால் குழாயைச் சுத்திகரித்து, பல் குடையும் ஹேண்ட்பீஸ், நீர் பீய்ச்சும் சிரிஞ்ச் எல்லாவற்றிலும் தண்ணீரை ஓடவிட்டு, கடைசியில் நீர்ப் பரிசோதனையும் செய்யுங்கள். ஒரு மில்லிலிட்டரில் 500 கிருமித்தொகுதிக்கு மேல் இருக்கக் கூடாது. கம்ப்ரஸர் டேங்கின் அடியில் தேங்கிய நீரைத் திறந்துவிடுங்கள். கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்கு, அது சரியாகக் கொல்கிறதா என்று பார்க்கும் ஸ்போர் டெஸ்ட் கட்டாயம். மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின், அவசர மருந்தான அட்ரீனலின் ஆகியவற்றின் காலாவதித் தேதிகளையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

இரண்டு நாற்காலி ஓடும்போது உதவியாளரை எப்படி நிறுத்துவீர்கள்? துடைப்பது, கருவிகளைக் கழுவி ஆட்டோகிளேவில் வைப்பது, மருத்துவக் கழிவைப் பிரிப்பது என்று வேலை முன்பைவிட அதிகம். கை பழகிய ஆளை இழந்தால் புதியவருக்குக் கற்றுக்கொடுக்கவே மாதங்கள் போகும். இருவரையும் உட்கார வைத்துக் கணக்கைக் காட்டுங்கள். சம்மதித்தால் மூன்று மாதத்துக்கு நேரத்தையும் சம்பளத்தையும் சற்றுக் குறைத்து, பிடித்த தொகையை எப்போது தருவீர்கள் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள்.

கடன் விஷயம் நாள் கடத்தக் கூடாதது. சலுகைக் காலத்து வட்டி அசலோடு ஏறியிருக்கும், வங்கியில் புதிய தவணை அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். மத்திய அரசின் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தில், தொழிலுக்காகத் தனிப்பெயரில் கடன் வாங்கிய டாக்டர்களையும் ஆகஸ்ட்டில் சேர்த்திருக்கிறார்கள். பிப்ரவரி 29 அன்று இருந்த பாக்கியில் 20 சதவீதம் வரை, கூடுதல் அடமானம் இல்லாமல் கிடைக்கும். அசலுக்கு முதல் ஒரு வருடம் தவணை இல்லை, மொத்தக் காலம் நான்கு வருடம். இப்போதைய கெடு அக்டோபர் 31. மேலே சொன்ன மணிக்கணக்கையும் திரும்ப அழைக்கும் நோயாளிகளின் பட்டியலையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே மேனேஜரைப் பாருங்கள்.