கிட்டார் ஆம்ப் ஸ்பீக்கர் போயிடுச்சு, எந்த ஓம் வாங்கணும்?

ஓம்ங்கறது கரண்ட்டுக்கு ஸ்பீக்கர் குடுக்கற தடை, அவ்ளோதான். பழசோட மேக்னட் பின்னாடி 8 ஓம்னு இருந்தா அதே 8 வாங்குங்க, ஏன்னா டிரான்சிஸ்டர் ஆம்ப்ல 4 மாட்டுனா கரண்ட்டு ஜாஸ்தி இழுக்கும், நம்ம கிருஷ்ணகிரி மாந்தோப்புல எல்லா கேட்வால்வையும் ஒரேடியா திறந்துவிட்டா மோட்டர் ஆம்பியர் எகிறி சூடாகுமே அதே கதைதான், அவுட்புட் டிரான்சிஸ்டர் புகைஞ்சிடும். டியூப் ஆம்ப்னா (டிரான்சிஸ்டருக்குப் பதிலா கண்ணாடிக் குழாய் இருக்கறது) கூடவும் வேணாம் குறையவும் வேணாம், அதுக்குள்ள இருக்கற அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பொருந்தணும்.

கார் ஸ்பீக்கர் சைஸ் ஒத்துவந்தாலும் தொடாதீங்க (தர்மபுரில அதுதான் ஈஸியா கிடைக்கும், தெரியும்), கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸ் தாண்டுன கீச்சு சத்தத்துல தானா அடங்கும், கார் ஸ்பீக்கர் அப்படி அடங்காது, டிஸ்டார்ஷன் காதைக் கிழிக்கும்.

அப்புறம், வாட்ஸ் ஜாஸ்தின்னா சத்தம் ஜாஸ்தின்னு நினைக்காதீங்க, அது தாங்குற அளவு மட்டும்தான், ஆம்ப் வாட்ஸ விட கூட இருந்தா போதும், சத்தத்துக்கு ஸ்பீக்கரோட டெசிபல் ரேட்டிங் (அதே பவர்ல எவ்ளோ சத்தம் வருதுங்கற அளவு) பாருங்க, 97க்கு பதிலா 100 போட்டாலே ஆம்ப் பவர டபுள் பண்ணதுக்குச் சமம்.