பூங்காவில் ஒதுங்கி நிற்கும் குழந்தை எல்.கே.ஜி.யைச் சமாளிப்பாளா?

கேள்வி: என் மகளுக்கு மூன்றரை வயது. ஜூனில் எல்.கே.ஜி. சேர்க்கிறோம். ஏ முதல் இசட் வரை சொல்வாள், 50 வரை எண்ணுவாள். ஆனால் பூங்காவுக்குப் போனால் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு மற்ற பிள்ளைகளை வேடிக்கை பார்க்கிறாள். ஒரே குழந்தை. பள்ளியில் எப்படி ஒட்டுவாள்?

பதில்: வேடிக்கை பார்ப்பதும் விளையாட்டின் ஒரு படிதான். மழலையர் பள்ளிப் பிள்ளைகளைக் கவனித்த அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932-லேயே இதை வகைப்படுத்தினார்: தனியாக ஆடுவது, வேடிக்கை பார்ப்பது, பக்கத்தில் உட்கார்ந்து தன்பாட்டுக்கு ஆடுவது, கடைசியில் கூடி ஆடுவது. உங்கள் மகள் அந்த ஆட்டத்தின் விதிகளை இப்போது கண்ணால் படித்துக்கொண்டிருக்கிறாள்.

துப்பட்டாவை உதறிவிடாதீர்கள். அம்மா அங்கேயே இருப்பாள் என்ற நம்பிக்கை இருக்கிற குழந்தைதான் தள்ளிப் போகும். இன்று மாலை கவனியுங்கள்: நாலடி போவாள், திரும்பி உங்கள் முகத்தைப் பார்ப்பாள். அந்த நேரத்தில் உங்கள் கண் செல்போனில் இருந்தால் திரும்பி வந்துவிடுவாள். ஒரு தலையாட்டல் போதும், இன்னும் நாலடி போவாள்.

நம் தெருக்களில் இதற்கு அருமையான ஏற்பாடு ஒன்று இருந்தது, 'ஒப்புக்குச் சப்பாணி'. பெயர்தான் இன்றைக்குக் காதில் உறுத்துகிறது. பெரிய பிள்ளைகளின் ஓடிப்பிடிக்கிற ஆட்டத்தில் குட்டிப் பிள்ளையும் ஓடலாம். பிடித்தாலும் அவுட் கிடையாது. தோற்கும் பயமில்லாமல் முறை வரும்வரை காத்திருக்கவும், 'போங்காட்டம்' என்று சண்டை போட்டுவிட்டு மறுபடி சேரவும் அங்கேதான் பழகினோம். எல்.கே.ஜி. வகுப்பில் முதல் மாதம் தேவைப்படுவது இதுதான். 50 வரை எண்ணுவது அப்புறம்.

அதனால் பிறந்தநாள் கூட்டங்களுக்கு இழுத்துப் போவதைவிட, ஒன்றிரண்டு பிள்ளைகளை, அதே பிள்ளைகளை, வாரம் இரண்டு மூன்று முறை பார்க்க வையுங்கள். ஐந்தாறு வயது அக்கா ஒருத்தி கூட இருந்தால் நல்லது. ஆளுக்கொரு வாளி, ஒரே மணல்மேடு. பொம்மைக்குச் சண்டை வந்தால் உடனே பிடுங்கிக் கொடுக்காமல், "அவன் முடிச்சதும் உன் முறை" என்று சொல்லிச் சிறிது பொறுங்கள். அடி விழும்போது மட்டும் நடுவில் போங்கள்.

பிரிவுக்கும் இப்போதே பழக்கலாம். பாட்டி வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அரை மணி நேரம் விட்டுப் போங்கள். நழுவிப் போகாதீர்கள், அழுதாலும் சொல்லிவிட்டே கிளம்புங்கள், சொன்ன நேரத்துக்குத் திரும்புங்கள்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமை, கண் பார்த்துப் பேசாமை, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாமை, இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசாமை போன்றவை இருந்தால் ஜூன் வரை காத்திருக்காமல் குழந்தை நல மருத்துவரைப் பாருங்கள். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் தெரியவில்லை.

பள்ளிக்கு வாங்கும் டிபன் பாக்ஸை இப்போதே வாங்கி, மூடியை அவளையே திறக்க விடுங்கள். "மிஸ், பாத்ரூம் போகணும்" என்று உங்களிடமே சொல்லிப் பழகட்டும். நீங்கள் மிஸ், அவளுடைய கரடி பொம்மை பக்கத்து பெஞ்ச்.